ஈ.சி.ஜி நார்மல், எக்கோ நார்மல்... ஆனாலும் நெஞ்சு படபடக்கிறதா? திருச்சியில் பேச்சு சிகிச்சையைத் தேடுவது எப்படி?

ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறுகிறார் ஒரு பெண். வயது 46. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கணவருக்கு பெல் நிறுவனத்தில் ஷிஃப்ட் வேலை. மாம்பழச் சாலையைத் தாண்டி பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் திடீரென நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. ‘உயிர் போகப்போகுது’ என்று தோன்றுகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து, இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஈ.சி.ஜி நார்மல். எக்கோ நார்மல். ‘கேஸ் ட்ரபிளா இருக்கும்’ என்று ஒரு மாத்திரை. அடுத்த வாரம் அதே பாலம், அதே படபடப்பு. பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ. பிறகு, கணவர் கூட வந்தால் மட்டும் ஆட்டோ. ஆறு மாதத்தில், தில்லைநகரில் இருக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட ‘எனக்கு முடியலை, நீங்க போயிட்டு வாங்க’ என்கிறார்.

இவர் நிஜத்தில் இருப்பவர் அல்ல; விஷயம் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் நினைவுக்கு வந்தால் ஆச்சர்யமில்லை. இதற்கு ‘பேனிக் அட்டாக்’ என்று பெயர். பயமுறுத்துமே தவிர, உயிரை எடுக்காது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். இதய மருத்துவர் ‘ஹார்ட்ல ஒண்ணும் இல்லை’ என்று சொன்ன பிறகு இதற்குக் கொடுக்கப்படும் முக்கியமான சிகிச்சைகளில் ஒன்று, பேச்சு.

‘பேசினா சரியாப்போயிடுமா? நாங்கதான் தினமும் பேசுறோமே...’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு பதில் தெரிந்துவிட்டால், யாரைத் தேடிப் போவது என்பதும் பாதி புரிந்துவிடும்.

அட்வைஸ் வேறு, தெரபி வேறு!

நம் ஊரில் ‘கவுன்சலிங்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இன்ஜினீயரிங் சீட். அதை விட்டால் பள்ளியில் ஹெச்.எம் ரூமுக்குக் கூப்பிட்டுத் திட்டுவது, மகளிர் காவல் நிலையத்தில் ‘சேர்ந்து வாழுங்கம்மா’ என்று சொல்லி அனுப்புவது. மூன்றிலும் எதிரில் இருப்பவர் பேசுவார், நாம் கேட்டுக்கொள்வோம். பேச்சு சிகிச்சை இதற்கு நேரெதிர். அங்கே பெரும்பாலும் பேசுவது நாம்தான்.

நம் உதாரணப் பெண்ணிடம் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘ஒண்ணுமில்லைம்மா, தைரியமா இரு’, ‘சும்மா இருக்கிறதால வர்றது, ஏதாவது வேலையில மனசை வை’. அன்போடு சொல்வதுதான். ஆனால் தைரியமாக இருக்க முடிந்தால் அவர் இருந்திருப்பாரே! தெரபிஸ்ட் அப்படித் தொடங்குவதில்லை. கிட்டத்தட்ட இப்படிப் போகும் அந்த உரையாடல்:

‘‘பஸ் பாலத்துல ஏறினதும் முதல்ல என்ன தெரிஞ்சுதுங்க?’’

‘‘நெஞ்சு வேகமா அடிச்சுது மேடம்.’’

‘‘அப்போ மனசுல என்ன ஓடுச்சு?’’

‘‘அட்டாக்தான்னு நினைச்சேன். எங்கப்பா அப்படித்தான் போனாரு.’’

‘‘அப்படி நினைச்ச உடனே நெஞ்சு என்ன பண்ணுச்சு?’’

‘‘இன்னும் வேகமா அடிச்சுது.’’

இந்த ஆறு வரிக்குள் நோயின் சக்கரமே இருக்கிறது. உடம்பில் சின்னதாக ஒரு மாற்றம், அதற்கு மனம் கொடுக்கும் ஆபத்தான அர்த்தம், அந்த அர்த்தத்தால் கூடும் பயம், பயத்தால் இன்னும் கூடும் படபடப்பு. அவருக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த இந்தச் சக்கரத்தை, அவர் வாயாலேயே சொல்லவைத்துக் காகிதத்தில் வரைந்து காட்டுவார் தெரபிஸ்ட். அப்பா போன கதை இவ்வளவு நாளாக எந்த ஈ.சி.ஜி-யிலும் வராதது.

அடுத்தது பயிற்சி. அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொல்வார். நெஞ்சு அடிக்கும். ‘இதே அடிப்புதான் பஸ்லயும். இப்போ என்ன ஆச்சு?’ என்பார். ஒன்றும் ஆகியிருக்காது. பிறகு படிப்படியாக வெளியே. முதல் வாரம் பஸ் ஸ்டாப் வரை போய் நின்றுவிட்டு வருவது. அடுத்து மாம்பழச் சாலை வரை பஸ்ஸில் போய் இறங்கிவிடுவது. அடுத்து கணவரோடு பாலத்தைத் தாண்டி சத்திரம் வரை. அதன்பின் தனியாக. ஒவ்வொரு முறையும் பயம் எத்தனை மார்க் இருந்தது, எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். இந்த முறைக்கு ‘சி.பி.டி’ என்று பெயர். தமிழில் ‘அறிதிறன் நடத்தை சிகிச்சை’ என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, சுமார் 8 முதல் 15 அமர்வுகள். ஆயுசு முழுக்கப் போக வேண்டியதில்லை.

எல்லா தெரபியும் இப்படி நோட்டும் பயிற்சியுமாக இருக்காது. துக்கம், கணவன் மனைவி பிரச்னை, சிறுவயதில் நடந்த கொடுமை என ஒவ்வொன்றுக்கும் அணுகுமுறை மாறும். ‘பேச்சு சிகிச்சை’ என்ற பெயரே ஒரு நோயாளி வைத்ததுதான். 1880-களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஜோசஃப் பிராயர் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண், தனக்கு நடப்பதை ஆங்கிலத்தில் ‘டாக்கிங் க்யூர்’ என்று அழைத்தார். 1895-ல் பிராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் எழுதிய புத்தகத்தில் அவர் பெயர் ‘அன்னா ஓ’. அந்தக் காலத்து வைத்தியத்துக்கும் இன்றைக்கு நடப்பதற்கும் நிறைய தூரம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

‘இதெல்லாம் படிச்ச, வசதியானவங்களுக்கு’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு கோவா கணக்கு. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2017-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. பேச்சு சிகிச்சை கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். 6 முதல் 8 அமர்வுகள். மூன்று மாத முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவிகிதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 64 சதவிகிதம். அந்த ‘சாதாரண’ ஆட்களுக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘மனநல ஆலோசகர்’ என்று போர்டு மாட்டியிருக்கும் எல்லோரும் ஒரே படிப்பு படித்தவர்கள் அல்ல. நம் மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ் முடித்து, மனநலத்தில் எம்.டி, டி.என்.பி அல்லது டி.பி.எம் படித்த டாக்டர். மாத்திரை எழுதும் அதிகாரம் இவருக்கு உண்டு. கூட்டம் அதிகமான ஓ.பி-யில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க அவரால் முடியாது. நோயைக் கண்டறிந்து, மருந்து தேவையா என்று முடிவுசெய்து, பேச்சு சிகிச்சைக்கு வேறொருவரிடம் அனுப்புவார்.

அந்த வேறொருவர் பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுத மாட்டார். இவருடைய தகுதியைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 1992-ம் ஆண்டு சட்டப்படி இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘சி.ஆர்.ஆர் நம்பர்’ என்று ஒன்று கொடுப்பார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ‘மேடம், உங்க ஆர்.சி.ஐ நம்பர் என்ன?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

அடுத்து கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்டுகளும், எம்.எஸ்.டபிள்யூ-வில் மனநலப் பிரிவு படித்த சமூகப் பணியாளர்களும். தேர்வு பயம், வேலை அழுத்தம், திருமண உறவுச் சிக்கல், துக்கம் போன்றவற்றுக்கு இவர்களில் பலர் மிக நன்றாக உதவுகிறார்கள். 2021-ல் வந்த சட்டம் ஒன்று இந்தத் துறையினரையும் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் ஹீலர்’ என்று கிளம்பியிருப்பவர்கள் இன்ஸ்டாகிராமில் நிறைய. அதனால் முதுகலையில் என்ன படித்தார், எங்கே யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். ‘ஒரே சிட்டிங்ல சரி பண்ணிடுவேன்’, ‘டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்க’ என்று சொல்கிறாரா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

திருச்சிக்கு ஒரு பழைய பெருமை

தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது 1982-ல். ஆனால் மாவட்ட அளவில் மனநல சேவையைக் கொண்டுபோக 1996-97-ல்தான் மத்திய அரசு நான்கே நான்கு மாவட்டங்களை முதன்முதலில் தேர்ந்தெடுத்தது. அப்போது ஆந்திராவில் இருந்த மேடக், அஸ்ஸாமின் நகாவ்ன், ராஜஸ்தானின் சீகர்... நான்காவது நம் திருச்சி! பெங்களூரு நிம்ஹான்ஸ், பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்த மாதிரியை வைத்து உருவான திட்டம் அது. சென்னை கீழ்ப்பாக்கத்துக்குப் போனால்தான் வைத்தியம் என்றிருந்த காலத்தில், ஊருக்குப் பக்கத்திலேயே மனநல மருத்துவர் என்பது பெரிய மாற்றம். இன்று திருச்சிக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மாவட்ட மனநலத் திட்டம் இப்போதும் உண்டு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு என்பதுதான் அதன் அமைப்பு. தாலுகா மருத்துவமனைகளில் குறித்த நாட்களில் அவர்கள் வந்து பார்ப்பார்கள். உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை என்பதை அருகிலிருக்கும் அரசு மருத்துவமனையில் விசாரித்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். தினமும் போக வேண்டுமென்றால் புத்தூர் ஜி.ஹெச், அதாவது மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி சீட்டு வாங்க வேண்டும். டாக்டரிடம், ‘எனக்கு சைக்காலஜிஸ்ட்கிட்ட உட்கார்ந்து பேசணும்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் மாத்திரையோடு வெளியே வந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

காசு கொடுத்துப் பார்க்க முடிந்தவர்களுக்கு தில்லைநகர் கிராஸ்கள் இருக்கவே இருக்கின்றன. போன் செய்யும்போதே ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், வர முடியாமல் போனால் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு அல்ல, குறைந்தது எட்டு முறைக்குக் கையில் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். மனநல சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால், பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவதற்குத் தராது.

வீட்டை விட்டு நகரவே முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பு கொடுப்பார்.

குணசீலத்துக்குப் போய்ட்டு வந்தா போதாதா?

திருச்சியில் மனநலம் பற்றிப் பேசிவிட்டு குணசீலத்தைப் பேசாமல் விட முடியாது. பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் 48 நாள் தங்கி, பூஜை முடிந்து முகத்தில் தெளிக்கும் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டால் மனக்கோளாறு தீரும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. காரணம் ஓர் ஆய்வு. நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர் ரகுராம் குழுவினர், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரிலுள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. தனியாக எந்தச் சிகிச்சைச் சடங்கும் இல்லாமல், சில வாரங்கள் அங்கே தங்கி, சின்னச் சின்னக் கோயில் வேலைகள் செய்ததிலேயே அவர்களுடைய நோய் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தன. யாரும் துரத்தாத இடம், கூடவே இருக்கும் குடும்பம், காலையில் எழுந்தால் செய்ய ஒரு வேலை. இவற்றுக்கே அவ்வளவு பலன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. குணசீலத்திலும் இப்போது அரசு அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஆகவே கோயிலா, தெரபியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு மாத்திரையும் போடலாம், தெரபிக்கும் போகலாம். ‘விரதம்’ என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. உங்கள் நம்பிக்கையைக் கேலி செய்யும் தெரபிஸ்ட் என்றால், அவரும் உங்களுக்குச் சரிப்பட மாட்டார்.

‘உன்னை அங்கே பார்த்தேனே...’

ஸ்ரீரங்கம் மாதிரி ஊரில் பணத்தைவிடப் பெரிய தடை இதுதான். சித்திரை வீதியில் பூ வாங்கினால் உத்திர வீதிக்குத் தெரிந்துவிடும். ‘பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம், இந்த நேரத்துல எப்படி?’ என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் எத்தனை! 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் நடந்தது. வயது வந்தவர்களில் 10.6 சதவிகிதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான பிரச்னைகள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவிகிதத்தினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நூறில் 85 பேர் வெளியே சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உள்ளே பேசியது வெளியே போகுமா? 2017 சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. கணவரே வந்து கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் (2012-ன் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்) ரகசியம் உடையும். நல்ல தெரபிஸ்ட் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். உங்கள் அத்தைக்கோ, பக்கத்து ஃபிளாட்டுக்கோ தெரிந்தவராக இருந்தால் வேறு ஆளைப் பார்ப்பதே நல்லது. உறவுக்காரரே தெரபிஸ்ட்டாக இருந்தாலும், அவர் உங்களுக்கு சிகிச்சை தருவது முறையல்ல.

ஆன்லைன் தெரபி இந்த விஷயத்தில் ஒரு வரம். நடுக்கூடத்தில் மாமியார் டி.வி பார்க்கும் வீட்டில் மட்டும் சிரமம். மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், மதியம் வீடு காலியாக இருக்கும் ஒரு மணி நேரம் என்று ஏதாவது ஓர் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேச்சு மட்டும் போதாத நேரங்கள்

யாரோ காதில் பேசுவதாகச் சொல்வது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருப்பது, சாப்பிடாமல் எழுந்திருக்காமல் கிடப்பது... இவற்றுக்கு முதலில் மனநல மருத்துவர். தெரபி பிறகு. பிரசவமான சில நாட்களில் ஒரு பெண் திடீரெனத் தொடர்பில்லாமல் பேசினால், ‘உடம்பு அசதி’ என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

‘செத்துடலாம்னு தோணுது’ என்று யாராவது சொன்னால், ‘சும்மா மிரட்டறா’ என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். பூச்சிமருந்து, அதிக மாத்திரைகள் கைக்கு எட்டாதபடி வையுங்கள். 14416-ஐயோ, 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் ‘சிநேகா’வின் 044-24640050 எண்ணையோ அழையுங்கள். முயன்றே விட்டால் உடனடியாக ஜி.ஹெச் அவசரப் பிரிவு. ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்று பயந்து மறைத்து வைத்தியம் பார்த்து உயிரை விடுபவர்கள் உண்டு. 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் அவருக்குச் சிகிச்சை தரச் சொல்கிறது.

முதல் நாள் போகும்போது...

கையில் பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்கள் (சுகர், பிரஷர் மாத்திரையும் சேர்த்து) இருக்கட்டும். சமீபத்தில் தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்க்காமல் இருந்தால் குடும்ப டாக்டரிடம் சொல்லி முதலில் பார்த்துவிடுங்கள். இவற்றாலும் சோர்வும் படபடப்பும் வரும். ஒரு வாரத்துக்கு எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது தொந்தரவு வந்தது என்று ஒரு தாளில் கிறுக்கிவைத்தால்கூடப் போதும். அழுகை வந்தால் அழலாம். அங்கே மேஜை மேல் டிஷ்யூ பாக்ஸ் வைத்திருப்பதே அதற்குத்தான்.

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகள்தான் இருக்கும். ‘என்ன, ஒண்ணுமே சொல்லலையே’ என்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். நான்கைந்து முறை போன பிறகும், எதை நோக்கிப் போகிறோம் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றால் நேராகக் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் ஆளை மாற்றலாம். இதுவரை செய்ததைக் குறிப்பாக எழுதித் தரும்படி அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டால், அடுத்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. கூடவே வரும் கணவரோ அம்மாவோ வெளியில் காத்திருக்கலாம். அவர்களை உள்ளே கூப்பிடலாமா, எப்போது கூப்பிடலாம் என்பதை நீங்கள் தெரபிஸ்ட்டிடம் சொன்னால் போதும்.